டாலரை டைப் பண்ணாதீங்க பாஸ்!

ராத்திரி ஒன்றரை மணிக்கு போன் அடித்தால் யாருக்குமே வயிற்றில் புளியைக் கரைக்கும். எனக்கும் கரைத்தது. எடுத்துப் பார்த்தால், எங்கள் தெருப் பையன். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு உதிரிபாக கம்பெனியில் டிரெய்னியாகச் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நைட் ஷிஃப்ட். பின்னால் மெஷின் சத்தம் காதைக் கிழித்தது.

"அண்ணா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா, மொட்டை மாடியில கிரிக்கெட் ஆடிட்டு இருக்கேன். சொல்லு."

"லேபிள் பிரிண்டர் நின்னுடுச்சுண்ணா. பெட்டியில லேபிள் ஒட்டலைன்னா லாரியில ஏத்த மாட்டாங்க. லாரி வெளிய நிக்குது. பிரிண்டர் நின்னா என்ன பண்ணணும்னு சுவத்துல ஒரு ஷீட் ஒட்டி வெச்சிருக்காங்க. அதுல இருக்கற மாதிரியே அடிக்கறேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல. எனக்குதான் கம்ப்யூட்டர் வராதுன்னு தெரியுமே…"

அந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதற்குத்தான் வரப்போகிறோம்.

"சரி, ஷீட்ல இருக்கறதை அப்படியே படி."

"முதல்ல டாலர். அப்புறம் ஒரு ஸ்பேஸ்…"

"டாலரையும் அடிச்சியா?"

"ஆமாண்ணா. ஷீட்ல இருக்கே!"

சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம் அவன்மேல் அல்ல. அந்த ஷீட்டை எழுதிய மகானுபாவர்மேல்!

கறுப்புத் திரை மேட்டர்

மற்ற டிபார்ட்மென்ட் மக்களுக்காக ஒரு நிமிட விளக்கம். மவுஸால் கிளிக் பண்ணாமல், கறுப்புத் திரையில் எழுத்தாகவே கட்டளை அடித்து கம்ப்யூட்டரை வேலை வாங்குவதுதான் கமாண்ட் லைன். லினக்ஸ் லேபில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். சர்வர், நெட்வொர்க், ஃபேக்டரியில் ஓடும் கம்ப்யூட்டர் என்று எங்கே போனாலும் அந்தக் கறுப்புத் திரை ஒருநாள் உங்கள் முன்னால் வந்தே தீரும். அப்போது கையில் ஒரு மேனுவலோ, ஒரு பிரிண்ட்-அவுட்டோ இருக்கும். அதில் கமாண்ட் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதுதான் இந்த வாரப் பஞ்சாயத்து.

இந்தப் பக்கத்தில் கமாண்டுகளை, நம்ம லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கள் வாயால் சொல்வதுபோல 'ஆர்எம்', 'சிடி' என்றே எழுதப்போகிறேன். பிரச்னையே எழுத்தில் இல்லை, சுற்றியிருக்கும் குறிகளில்தான்.

ஆக, அந்த ஷீட்டுக்கு வருவோம். பையன் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். நாலே வரி. நாலு வரியிலும் நாலு வெடிகுண்டு.

குண்டு ஒன்று: டாலர்

$ என்பது கமாண்டின் பகுதியே இல்லை. "நான் ரெடி, நீ சொல்லு" என்று கம்ப்யூட்டர் காட்டும் குறி அது. பிராம்ப்ட் என்பார்கள். யூனிக்ஸ் காலத்திலிருந்தே சாதாரண யூஸருக்கு $, எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூஸருக்கு # என்பது வழக்கம். விண்டோஸில் > வரும். ஷீட் எழுதியவர் தன் திரையில் பார்த்ததை அப்படியே காப்பி பண்ணிப் போட்டுவிட்டார். அவருக்குத் தெரியும், அது அடிக்க வேண்டியதில்லை என்று. நம்ம பையனுக்கு யார் சொன்னார்கள்? அடித்தான். "$ என்று ஒரு கமாண்டே கிடையாது" என்று திட்டியது கம்ப்யூட்டர்.

குண்டு இரண்டு: #

இரண்டாவது வரி # என்று ஆரம்பித்தது. இதை ரூட் யூஸராக அடிக்க வேண்டும் என்பது அதன் அர்த்தம். ஆனால் பாஷ் ஷெல்லில் # போட்டு ஆரம்பித்தால் அந்த வரி முழுக்க வெறும் குறிப்பு என்று கணக்கு. கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பையன் அடித்தான், என்ட்டர் தட்டினான். எரரும் இல்லை, ஒன்றும் இல்லை. "ஓகே, வேலை முடிஞ்சுது" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டான். திட்டுகிற கம்ப்யூட்டரையாவது நம்பலாம்; பேசாமல் இருக்கிற கம்ப்யூட்டர் ரொம்ப டேஞ்சர்!

குண்டு மூன்று: அம்புக்குறி

மூன்றாவது வரியில், நிற்கும் பிரிண்ட் வேலைகளை ரத்து பண்ணும் கமாண்ட். அதன் கடைசியில் < > இரண்டுக்கும் நடுவில் 'பிரிண்டர் பெயர்' என்று போட்டிருந்தது. "இந்த இடத்தில் உன் பிரிண்டரின் பெயரைப் போடு, குறிகளை எடுத்துவிடு" என்று அர்த்தம். எழுதியவர் மனதில்! பையன் பிரிண்டர் பெயரைச் சரியாகத்தான் போட்டான். இரண்டு குறிகளையும் சேர்த்தே போட்டான். ஷெல்லுக்கு < என்றால் ஒரு ஃபைலிலிருந்து படி, > என்றால் ஒரு ஃபைலில் எழுது என்று வேறு அர்த்தம். எழுத ஃபைல் பெயரே இல்லாமல் வரி முடிந்துவிட்டதால் சின்டாக்ஸ் எரர். அதுவரை நல்லது. > குறிக்குப் பின்னால் ஏதாவது ஒரு நிஜ ஃபைலின் பெயர் இருந்திருந்தால், அந்த ஃபைலில் இருப்பது அழிந்துபோகவும் வாய்ப்பு உண்டு.

குண்டு நான்கு: நீளக் கோடு

கடைசி வரி, லேபிள் புரோகிராமை டெஸ்ட் மோடில் ஓட்டுவது. புரோகிராம் பெயருக்குப் பின்னால் ஒரு நீளக் கோடு, அதையொட்டி 'டெஸ்ட்' என்ற வார்த்தை. அது உண்மையில் இரண்டு ஹைபன். ஷீட்டை வேர்டில் அடித்திருக்கிறார்கள். வேர்ட் ரொம்ப புத்திசாலி ஆச்சே! இரண்டு ஹைபனைப் பார்த்ததும் அழகுக்காக ஒரே நீளக் கோடாக்கிவிட்டது. பையன் கீபோர்டில் ஒரு ஹைபன் மட்டும் தட்டினான். பல புரோகிராம்கள் ஒற்றை ஹைபனுக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனி ஆப்ஷனாக எடுத்துக்கொள்ளும். டி, ஈ, எஸ், டி என்று நாலு உத்தரவு கொடுத்தால் பாவம், அது என்ன செய்யும்?

இதே வேலையை மேற்கோள் குறிக்கும் வேர்ட் செய்யும். நேராக நிற்கும் குறியை வளைத்து அழகாக்கும். ஷெல்லுக்கு வளைந்த குறி தெரியாது. காப்பி-பேஸ்ட் பண்ணிய புரோகிராம் ஓடாமல், வைவா நேரத்தில் எக்ஸ்டெர்னல் முன்னால் வேர்த்து நின்ற அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு இருக்கிறதோ! காரணம் இதுவாகக்கூட இருந்திருக்கலாம்.

போனிலேயே ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். பத்து நிமிடத்தில் பிரிண்டர் ஓடியது. "தேங்க்ஸ்ணா. நான்தான் தப்பா அடிச்சுட்டேன்" என்றான். டேய், நீ எங்கேடா தப்பா அடிச்ச? ஷீட்டில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் அடித்த ஒரே ஆள் நீதானே!

1971-லேயே யோசித்துவிட்டார்கள்

இதெல்லாம் யாரும் யோசிக்காத விஷயம் இல்லை. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் 1971 நவம்பர் 3 தேதியிட்ட முதல் மேனுவலிலேயே அறிமுகத்தில் விதிகளைச் சொல்லிவிட்டார்கள். அடிக்கோடிட்ட சொல்லை அப்படியே அடிக்க வேண்டும். [ ] குறிக்குள் இருப்பது விருப்பம்போல, விட்டாலும் விடலாம். மூன்று புள்ளி இருந்தால் முன்னால் உள்ளதைத் திரும்பத் திரும்பக் கொடுக்கலாம். அவ்வளவுதான். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு கமாண்டுக்கும் அதே அச்சு.

இன்றைய லினக்ஸ் மேனுவல்களில் அப்படியே அடிக்க வேண்டியது தடித்த எழுத்தில், மாற்ற வேண்டியது சாய்ந்த எழுத்தில் வரும். பல திரைகளில் சாய்ந்த எழுத்து அடிக்கோடாகத்தான் தெரியும். அதாவது, 1971-ல் அடிக்கோடு என்றால் 'அப்படியே அடி'. இன்றைக்கு அடிக்கோடு என்றால் 'மாற்றி அடி'. நேர் தலைகீழ்! ஆனாலும் குழப்பம் வரவில்லை. ஏன்? விதியை முதலிலேயே சொல்கிறார்கள், கடைசிப் பக்கம் வரை மாற்றுவதில்லை. எந்தக் குறியை எடுத்தாலும் சரி, நடுவில் கட்சி மாறாமல் இருந்தால் போதும்.

ஒரு ஸ்பேஸின் விலை

"ஒரு சின்ன குறிக்கு இவ்வளவு பில்டப்பா?" என்கிறீர்களா? இரண்டு நிஜக் கதை.

2011-ல் லேப்டாப் கிராபிக்ஸ் கார்டுகளுக்காக 'பம்பிள்பீ' என்று ஒரு லினக்ஸ் மென்பொருள் வந்தது. அதன் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்டில் ஏதோ ஒரு பழைய ஃபோல்டரை அழிக்க 'ஆர்எம்' வரி ஒன்று. ஃபோல்டரின் பாதையில் 'யூஎஸ்ஆர்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டது. ஒரு பாதை இரண்டு பாதை ஆகிவிட்டது. முதல் பாதை, சிஸ்டத்தின் பெரும்பாலான புரோகிராம்கள் குடியிருக்கும் 'யூஎஸ்ஆர்' ஃபோல்டர். இன்ஸ்டால் செய்தவர்களுக்கு அது மொத்தமும் காலி! கமாண்டுகளை எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் கொண்ட டைப்ரைட்டர் மாதிரி எழுத்துருவில் அச்சடிப்பது ஏன் என்று இப்போது புரிகிறதா? சாதாரண எழுத்துருவில் ஒரு ஸ்பேஸ் இருப்பதும் தெரியாது, இல்லாததும் தெரியாது.

இன்னொன்று, 2017 பிப்ரவரி 28. அமேசானின் எஸ்-3 சேமிப்பு சேவையில் பில்லிங் மெதுவாக ஓடுகிறது என்று ஓர் ஊழியர் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் ஏற்கெனவே எழுதிவைத்த செயல்முறை. அதன்படி சில சர்வர்களை மட்டும் எடுக்க ஒரு கமாண்ட் அடித்தார். அதில் கொடுக்க வேண்டிய ஒரு விவரம் தப்பாகிவிட்டது. சில சர்வருக்குப் பதில் ஏகப்பட்ட சர்வர்கள் போய்விட்டன. எத்தனையோ இணையதளங்கள் சுமார் நாலு மணி நேரம் படுத்துவிட்டன. 'எங்கள் சேவை சரியில்லை' என்று காட்ட வேண்டிய அமேசானின் சொந்த நிலவரப் பலகையே எஸ்-3-ஐ நம்பி இருந்ததால், அதுவும் அப்டேட் ஆகவில்லை!

அமேசான் வெளியிட்ட அறிக்கையில் அந்த ஊழியரைப் பலி போடவில்லை. ஒரே அடியில் அத்தனை சர்வர்களை எடுக்க முடியாதபடி அந்தக் கருவியை மாற்றினார்கள்.

ஒரகடத்தில் கற்றுக்கொள்ளலாம்

இந்த விஷயத்தில் நம்ம ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஏரியாவே ஒரு யூனிவர்சிட்டி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. 2014-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டுப் போனது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ–நிஸான், 2012-ல் டெய்ம்லர் டிரக், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஐ.டி.ஐ., டிப்ளமோ, பிளஸ் டூ முடித்த எத்தனை பிள்ளைகள், கார் பக்கத்தில் போய் நின்றுகூடப் பார்க்காதவர்கள், சில நாள் பயிற்சியில் கார் பூட்டக் கற்றுக்கொண்டார்கள்! எப்படி?

லைனில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் தொங்கும் வொர்க் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஷீட்டை ஒருநாள் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை. படம். எந்த போல்ட், எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு. ஒரு குறிக்கு ஒரே அர்த்தம். இங்கே முக்கோணம் என்றால் ஆபத்து, அடுத்த ஸ்டேஷனில் முக்கோணம் என்றால் 'டீ டைம்' என்று இருந்தால் என்ன ஆகும்? ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கும் இடத்தில்தான், அதே சுவரில், கமாண்ட் ஷீட் மட்டும் கிறுக்கலாகத் தொங்குகிறது.

ஃபேக்டரிக்காரர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு ஜப்பானிய வார்த்தை 'போகா யோகே'. தப்பு நடக்கவே முடியாதபடி வேலையை அமைப்பது. 1960-களில் இதைப் பரப்பிய ஷிகியோ ஷிங்கோ முதலில் வைத்த பெயர் 'பாகா யோகே'. முட்டாளிடமிருந்து பாதுகாப்பு என்று அர்த்தம். அதைக் கேட்ட ஒரு பெண் தொழிலாளி, "நான் அவ்வளவு முட்டாளா?" என்று அழுதுவிட்டாராம். ஷிங்கோவுக்கு உறைத்தது. முட்டாள்தனத்துக்குப் பதில் 'கைத்தவறு' என்று அர்த்தம் வரும் சொல்லை வைத்தார். முட்டாள் யாரும் இல்லை, மனுஷன் என்றால் கை தவறத்தான் செய்யும். கவனிக்க வேண்டியது வேலையை அமைத்தவர்.

இப்போது நம்ம பையன் சொன்னதை நினைத்துப் பாருங்கள். "எனக்குதான் கம்ப்யூட்டர் வராதே." வீட்டில் முதல் பட்டதாரி, தமிழ் மீடியம், கேட்க ஆள் இல்லாத நைட் ஷிஃப்ட். ஷீட் தப்பாக இருந்தாலும் அவன் தன்னைத்தான் சந்தேகப்படுவான். நாலு தடவை இப்படி ஆனால் கறுப்புத் திரை பக்கமே போகமாட்டான். ஒரு டாலர் குறி ஒரு பையனின் கேரியரையே திசை திருப்பிவிடும். இதைத்தான் நான் பெரிய ஆபத்து என்கிறேன்.

தமிழில் எழுதும்போது

2012 ஜனவரியிலிருந்து வரும் 'கணியம்' இதழ், லினக்ஸ் மாதிரியான கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழிலேயே கட்டுரைகள் தருகிறது. து.நித்யாவின் 'எளிய தமிழில் மை எஸ்க்யூஎல்' போன்ற நூல்களை இலவசமாகவே படிக்கலாம். நம்ம மாவட்டத்துக்கு காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவும் இருக்கிறது. நீங்களும் எழுதப்போகிறீர்கள் என்றால், தமிழுக்கே உரிய இரண்டு வம்பு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வேற்றுமை உருபு. கமாண்டின் பெயரை எழுதி, ஒரு ஹைபன் போட்டு 'ஐ' சேர்க்கிறோம், 'ஆல்' சேர்க்கிறோம். நமக்கு அது இலக்கணம். புதிதாகப் படிப்பவருக்கு அந்த ஹைபன் ஒரு ஆப்ஷன் மாதிரியே தெரியும். இரண்டாவது, முற்றுப்புள்ளி. ஒரு படி மேல் ஃபோல்டருக்குப் போக 'சிடி', ஸ்பேஸ், இரண்டு புள்ளி. அதோடு வாக்கியத்தை முடித்து முற்றுப்புள்ளியும் வைத்தால் மூன்று புள்ளி. மாணவன் மூன்றையும் அடிப்பான்! இரண்டுக்கும் ஒரே மருந்து: கமாண்டைத் தனி வரியில் இறக்கிவிடுங்கள்.

ஆனால் தமிழில் ஒரு பெரிய சௌகரியமும் உண்டு. கமாண்ட் ஆங்கில எழுத்தில் இருக்கும். மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் தமிழ் எழுத்தில் 'உன்_ஃபோல்டர்_பெயர்' என்று போடுங்கள். < > எதுவும் வேண்டாம், பார்த்த உடனே கண்ணில் குத்தும். புது ஃபோல்டர் உருவாக்கும் கமாண்டில் யாராவது அதை அப்படியே அடித்துவிட்டாலும், லினக்ஸ் சமர்த்தாகத் தமிழ்ப் பெயரில் ஒரு ஃபோல்டரை உருவாக்கிவிடும். நஷ்டம் இல்லை!

ரெக்கார்டு நோட்டுக்கு ஆறு கட்டளை

ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோ, ஜூனியருக்குக் கொடுக்கும் நோட்ஸோ, கம்பெனி ஷீட்டோ, எது எழுதினாலும் இதைக் கடைப்பிடியுங்கள்.

1. கமாண்ட் தனி வரியில், டைப்ரைட்டர் மாதிரி எழுத்துருவில்.

2. கமாண்ட் மட்டும் என்றால் $ வேண்டாம். கமாண்டும் அதற்குத் திரை சொல்லும் பதிலும் சேர்ந்து வந்தால் மட்டும், எது யாருடையது என்று தெரிய $ போடலாம். ரூட் யூஸராக அடிக்க வேண்டும் என்றால் # போட்டு மர்மம் பண்ணாமல் வார்த்தையிலேயே சொல்லிவிடுங்கள்.

3. மாற்ற வேண்டிய இடத்துக்குக் கடைசி வரை ஒரே அடையாளம். பக்கத்திலேயே நிஜப் பெயர் போட்டு ஓர் உதாரணம்.

4. அழிக்கிற கமாண்டுக்கு எச்சரிக்கை முன்னால் வர வேண்டும். கீழே பொடி எழுத்தில் 'குறிப்பு' போட்டால், அதைப் படிக்கும்போது ஃபைல் போய்ச் சேர்ந்திருக்கும்.

5. சரியாக நடந்தால் திரையில் என்ன வரும் என்று எழுதுங்கள். ஒன்றும் வராது என்றால் 'ஒன்றும் வராது, பயப்படாதே' என்று எழுதுங்கள்.

6. வேர்டில் அடித்தால், கோட்டையும் மேற்கோளையும் அழகாக்கும் ஆட்டோ கரெக்ட் வசதியை முதலில் அணையுங்கள்.

எழுதி முடித்ததும் ஒரு டெஸ்ட். ஒரு ஃபர்ஸ்ட் இயர் ஜூனியரைப் பிடித்து, ஷீட்டைக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்கக் கூடாது! அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே உங்கள் ஷீட் பெயில். அவர் பாஸ்தான்.

அந்தப் பையன் அடுத்த வாரமே, மேலதிகாரியிடம் கேட்டுவிட்டு அந்த ஷீட்டைத் திருத்தி எழுதினான். நாலு வரி, ஒன்பது வரி ஆனது. ஒரு டாலர்கூட இல்லை.

போன வாரம் ராத்திரி பன்னிரண்டரைக்குத் திரும்பவும் போன்.

"இப்ப என்னடா நின்னுச்சு?"

"ஒண்ணும் இல்லண்ணா. பிரிண்டர் மறுபடி நின்னுச்சு. புதுசா சேர்ந்த பொண்ணு, நேத்துதான் ஜாயின் பண்ணாங்க. ஷீட்டைப் பார்த்து அவங்களே ஓட்டிட்டாங்க. யாரையும் கூப்பிடவே இல்ல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அதைக் காலையில் சொன்னால் ஆகாதா, படுபாவி!